ஊதுவதற்கு முன் ஒரு படம்

மலாக்காவில் கல்யாணப் படம் எடுக்கும் பிள்ளைகள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் என்னை அதிலிருந்து விடவில்லை. போன மாதம் ஒரு பிள்ளை, "விஜயாக்கா, சென்சார் கிளீன் பண்றது எப்படின்னு ஒரு நாலு வரி எழுதிப் போடுங்க. யூடியூப்ல ஆளுக்கொண்ணு சொல்றானுங்க லா" என்று கேட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொன்று, "இப்ப வர்ற கேமரா தூசியத் தானே ஒதறிக்கிது, அக்காவுக்கு எதுக்குச் சிரமம்" என்று போட்டிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. உதறுகிறது, உண்மைதான். நாய்கூடத்தான் உதறிக்கொள்கிறது. அதற்காகக் குளிப்பாட்டாமல் விடுகிறோமா?

சரி, நாலு வரி எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். மூன்று வரி சுலபமாக வந்தது. நாலாவது வரியில் அஞ்சலை அம்மா வந்து உட்கார்ந்துகொண்டார். அவரைச் சொல்லாமல் இந்த வேலையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆகவே இது நாலு வரியில் முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸைக் கழற்றினால் கேமராவுக்குள் சாய்வாக ஒரு கண்ணாடி தெரியும். அது மேலே தூக்கிக்கொண்டால் அதன் பின்னால் இருப்பதுதான் சென்சார், பெரிய தபால்தலை அளவில். படம் விழுவது அதில்தான். அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்துவிட்டால் எடுக்கிற படங்களில் எல்லாம் அதே இடத்தில் மங்கலாக ஒரு கறுப்புப் பொட்டு விழும். அதுவும் எல்லா நேரமும் கண்ணில் படாது. நிழலில், லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எடுத்தால் ஒளிந்துகொள்ளும். வெயிலில் துவாரத்தைச் சுருக்கி வானத்தையோ கடலையோ எடுத்தால் பளிச்சென்று வந்து நிற்கும். கள்ளன் மாதிரி, வெளிச்சத்தில்தான் அகப்படும்.

நான் இந்த வேலைக்கு வந்தது கேமரா ஆசையால் அல்ல. பத்து பெரண்டாம் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக் பேக்டரியில் பதினோரு வருடம், கண் மட்டும் தெரிகிற வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு தூசியில்லாத அறையில் வேலை செய்தேன். பேக்டரியை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது மலாக்கா டவுனில் கேமராக் கடை வைத்திருந்த லிம் தௌக்கே, அதாவது லிம் முதலாளி, பின்னறையில் ரிப்பேர் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். நேர்முகத் தேர்வில் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"மூஞ்சிக்குப் பவுடர் போடுவியா?"

"போடுவேன்."

"இனிமே போடாத. திங்கக்கெழம வந்துரு."

ரெம்பியா பக்கம் ரப்பர்த் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தவர் அவருடைய அப்பா. தோட்டத்துப் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்ததால், அவருக்கு வீட்டுச் சீனமான ஹொக்கியனுக்கு முன்பே தமிழ் வந்துவிட்டதாம். எண்ணுவது ஹொக்கியனில், ஆபீஸ்காரர்களிடம் பேசுவது மலாயில், ஏசுவது மட்டும் தமிழில். என்னைவிட நன்றாக ஏசுவார்.

பவுடரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தலையில் பூ கூடாது, மகரந்தம் உதிரும். நெற்றியில் திருநீறு கூடாது. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேரே வேலைக்கு வருவேன். பின்னறை வாசலில் ஈரத் துணியோடு நிற்பார். "சாமி வெளிய நிக்கட்டும், நீ உள்ள வா" என்பார். முதல் வெள்ளிக்கிழமை எனக்கு வந்த கோபத்தில் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. வீட்டில் மாமியார் வேறு, "தாலி கட்டுன பொண்ணு வெறுந்தலையோட போறா, தௌக்கே என்ன சொன்னாலும் கேக்குறதா?" என்று பிடித்துக்கொள்வார். பூவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு போவேன். சாயங்காலம் பஸ் ஏறியதும் எடுத்து வைத்துக்கொண்டு சுமங்கலியாக வீடு போய்ச் சேருவேன்.

இப்போது நீங்கள் கேட்ட அந்த மூன்று வரி.

முதல் வரி, லிம் தௌக்கே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னது: "மொதல்ல படம். அப்பறந்தான் கை." எந்தக் கேமரா வந்தாலும் தொடுவதற்கு முன், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய வெள்ளைக் காகிதத்தைத் துவாரம் சுருக்கி ஒரு படம் எடுக்க வேண்டும். கேமராவை லேசாக அசைத்துக்கொண்டே எடுக்க வேண்டும், அப்போதுதான் காகிதத்தில் உள்ள கறை விழாமல் சென்சாரில் உள்ளது மட்டும் விழும். படத்தை அச்சடித்து ஒவ்வொரு பொட்டையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட வேண்டும். என்ன இருந்தது என்று தெரியாமல் எதை எடுத்தோம், எதைப் புதிதாகப் போட்டோம் என்று எப்படிச் சொல்வது? ஆறு மாதம் என்னை வட்டம் மட்டும் போட வைத்தார். படத்தில் மேலே இருக்கும் பொட்டு சென்சாரில் கீழே இருக்கும், இடம் வலம் மட்டும் மாறாது என்பது கைக்குப் பழக அத்தனை நாள் ஆயிற்று.

இரண்டாவது வரி: பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். பாதியில் அது செத்தால் தூக்கி நிற்கும் கண்ணாடி உங்கள் கைமேலேயே விழும். கேமராவைக் குப்புறப் பிடித்து ரப்பர் ஊதுபந்தால் ஊதுங்கள், விழுகிற தூசி கீழே விழட்டும். வாயால் ஊதாதீர்கள். "வாயால ஊதுறவன் எச்சி துப்புறான்" என்பார் தௌக்கே. மூன்றாவது வரி: ஊதிப் போகாததற்குத்தான் மருந்து தொட்ட துடைப்பான். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரே இழுப்பு, திரும்ப வராதே, அழுத்தாதே. அந்த ஒரு இழுப்புக்கு அவர் மின்விசிறியையும் ஏர்கோனையும் அடைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். அறையே அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ளும். ஈரத் துணியால் துடைத்த அந்தச் சின்ன அறையின் வாசனைக்கு நான் இன்னமும் ஏங்குகிறேன். வெளியே சொன்னால் பிள்ளைகள் சிரிக்கும்.

கல்யாணப் பருவத்தில் வரும் கேமராவில் மஞ்சள் அரிசிகூட இருந்ததுண்டு. தைப்பூசம் முடிந்தால் திருநீறு. ஊதினால் போய்விடுகிற நல்ல சாதி அது. விரல்பட்ட எண்ணெய்தான் பிடிவாதக்காரன். இப்படிக் கேமராவை வைத்தே ஆளைச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டேன். கொஞ்சம் திமிரும் வந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அஞ்சலை அம்மா வந்தார்.

மஸ்ஜித் தானாவிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். கூட மருமகள் கவிதா. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும், மடியில் கேமராப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பையிலிருந்து பெரிதாக அச்சடித்த ஒரு படத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். கடல். வேறு ஒன்றுமில்லை. இடப்பக்கம், அடிவானத்துக்குச் சற்றுக் கீழே, சாம்பல் நிறத் தண்ணீரில் ஒரு கறுப்புப் பொட்டு.

"ஐயா, இது தூசியா, எம் புள்ளையா? அத மட்டும் சொல்லுங்க."

அவருடைய மகன் குமார், சுங்கை ஊடாங்கில் வெல்டிங் வேலை. கல்யாணமாகி எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு கடற்கரைக்குப் போயிருக்கிறான். சவுக்கு மரத்தடியில் எல்லார் முகத்தையும் படம் எடுத்துவிட்டு, கேமராவை ஒரு கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கியவன் திரும்பி வரவில்லை. கரையோரப் பாறைப் பக்கமே முழுகியிருப்பான் என்று கூட்டாளிகள் பிறகு சொன்னார்கள். அங்கேயே தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. ஆனால் அவன் இறங்கி வெகுநேரம் கழித்து, ஒன்றும் தெரியாமல் அந்தக் கூட்டாளி கடலைப் பார்த்து ஒரு படம் எடுத்திருக்கிறான். அந்தப் படம்தான் மேசைமேல் இருந்தது. மரத்தடிப் படங்கள் எல்லாம் நிழலில் எடுத்தவை, தூசி இருந்தாலும் அவற்றில் தெரியாது.

"இது அவந் தலதான். அவ்வளவு தூரம் நீந்திப் போயிருக்கான். அங்க எத்தன மீன்புடிப் படகு போவுது? யாராச்சும் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிருப்பாங்க. இந்தோனேசியாவுல எங்கயாச்சும் இருப்பான்."

ஒரு வருடம் முடிந்துவிட்டது. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து கருமக்கிரியை செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். கவிதாவின் அப்பா அம்மா ரெம்பியாவிலிருந்து வந்து பெண்ணை அழைத்துப்போகக் கேட்கிறார்கள். இவர் விடவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படிக் காரியம் செய்வது? அவன் பெண்டாட்டியை எப்படி அனுப்புவது? கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். கேமராக்காரர் தூசி என்று சொன்னால் காரியம் செய்வது. இல்லையென்றால் காத்திருப்பது. எத்தனை வருடமானாலும்.

தௌக்கே படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நானும் பார்த்தேன். தலை மாதிரியும் இருந்தது, தூசி மாதிரியும் இருந்தது.

"அம்மா, தூசின்னா அது இன்னும் உள்ளதான் இருக்கும். நாங்க ஒரு வெள்ளக் காயிதத்தப் படம் எடுப்போம். இதே எடத்துல பொட்டு விழுந்தா தூசி. விழலன்னா..." தௌக்கே பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அஞ்சலை அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "விஜயா, நீ உள்ள கொண்டு போயிப் படம் எடு. நான் இவங்களுக்குத் தேத்தண்ணி வாங்கிட்டு வரேன்" என்றார்.

பையைத் திறந்ததும் சாம்பிராணி வாசனை. லென்ஸ் தனியாக, கேமராவின் உடம்பு தனியாக இருந்தது. வாய் திறந்தபடி இருந்த உடம்புக்குள் திருநீறு, கண்ணாடி தெரியாத அளவுக்கு. வெளியே வந்து கேட்டேன்.

"சாமி மேடையிலதாம்மா வச்சிருந்தேன். மூடி போட்டு வச்சா அவன் கண்ண மூடுன மாதிரி இருந்துச்சு. தொறந்து வைக்கப் போனேன், அந்த கிளாஸ் கழண்டு கையோட வந்துருச்சு. சரி, இதுவும் தொறந்த கண்ணுதானேன்னு அப்படியே வச்சிட்டேன். தெனம் தீவாராதன காட்டி ரெண்டு விரல் துண்ணூறு போடுவேன்."

பின்னறைக்கு வந்தேன். கண்ணாடி இருக்கும் பெட்டியை மட்டும் குப்புறப் பிடித்து ஊதினேன். இது வரைக்கும் சரி. சென்சார் அதற்குப் பின்னால், திரை மூடி, பத்திரமாக இருந்தது. இனி லென்ஸை மாட்டி வெள்ளைக் காகிதத்தைப் படம் எடுக்க வேண்டியதுதான். ஆனால் எனக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது. அந்த அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் உள்ளே இருக்கிறது, அதைக் காகிதம் சொல்லுவதற்கு முன் நான் பார்த்துவிட வேண்டும் என்று ஓர் அவசரம். கடையின் பேட்டரியைப் போட்டுக் கண்ணாடியைத் தூக்கவிட்டேன், கூடவே திரையும் திறந்தது. இடுக்கில் ஒட்டியிருந்த திருநீறு, தூக்கிய வேகத்தில் உதிர்ந்து சென்சார்மேல் விழுந்தது.

கை முந்திக்கொண்டது. இத்தனை வருடத்தில் எத்தனையோ கேமராவுக்குச் செய்த அதே வேலை. குப்புறத் திருப்பி, ஊதுபந்தை மூன்று தடவை அமுக்கினேன். நான் என்ன செய்தேன் என்பது மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தௌக்கே கதவைத் திறந்தார். "படம் எடுத்தாச்சா?"

என் கையிலிருந்த ஊதுபந்தைப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசமாட்டாரா என்றுகூட இருந்தது. அவர் கேமராவை வாங்கி லென்ஸை மாட்டி, ஜன்னலோரம் போய் மூன்று படம் எடுத்தார். அச்சடித்தார். கண்ணாடித்தாளில் கடல் படத்தின் பொட்டைக் குறித்து, அதை அச்சின்மேல் வைத்துப் பார்த்தார். நாலு பொட்டு இருந்தது, நாலும் வேறு இடத்தில். அந்த இடம் வெறும் வெள்ளை.

"இப்ப இது ஒண்ணுமே சொல்லாது" என்றார். "தூசி இருந்து நீ ஊதியிருக்கலாம். இல்லாமலே இருந்திருக்கலாம். போயி உள்ளத உள்ளபடி சொல்லு. நீ ஊதுன, நீதான் சொல்லணும்."

உள்ளதை உள்ளபடி சொல்லத்தான் போனேன். சாமி சத்தியமாக. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் கையில் தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. கவிதா என்னையே பார்த்தாள். கெஞ்சவில்லை, ஒன்றுமில்லை, வெறுமனே பார்த்தாள். தெரியவில்லை என்று நான் சொன்னால் என்ன ஆகும்? அந்த அம்மா காத்திருப்பார். இவளும் பக்கத்தில் உட்கார்ந்து, அறுபது வயது வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"தூசிதாம்மா" என்றேன்.

பின்னால் தௌக்கே அசையாமல் நிற்பது எனக்குத் தெரிந்தது. அஞ்சலை அம்மா வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை.

"அந்தத் தூசிய எனக்குக் காட்டும்மா."

"அது... ஊதிட்டேம்மா."

"ஊதிட்டியா?" என்றார். பிறகு, யாரிடமோ பேசுவது போல, "ஒரு வருசமா எம் புள்ளன்னு நெனச்சு அதத்தான கும்புட்டுக்கிட்டு இருந்தேன். எங்கிட்ட ஒரு தடவ காட்டிட்டு ஊதியிருக்கலாம்ல."

கவிதா பையின் ஸிப்பை மூடினாள். இருவரும் பஸ்ஸுக்குப் போனார்கள். அடுத்த மாதம் கருமக்கிரியை நடந்ததென்றும், கவிதாவை அவள் அப்பா அழைத்துப் போய்விட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

தௌக்கே அன்று கடையடைக்கும்போது, "நீ சொன்னது சரியா தப்பா, எனக்குத் தெரியாது. படம் எடுக்காம தொட்ட பாரு, அது தப்பு" என்றார். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம், எனக்கு வரும் ஒவ்வொரு கேமராவுக்கும் முதல் படத்தை அவரே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போவார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நல்லதுதான் செய்தேன் என்று பிடிவாதமாக நினைத்த நாட்களும் உண்டு. ஒரு சின்னப் பெண்ணின் வாழ்க்கைக்கு வழி விட்டேன் இல்லையா? ஆனால் சமையலுக்கு நிற்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்த மூன்று அமுக்கலும் கையில் வந்து நிற்கும். அந்தப் பொட்டு என்ன என்று தெரிந்துகொள்ள அந்த அம்மாவுக்கு இருந்த ஏக்கம், அவரிடமிருந்து எனக்குத் தொற்றிக்கொண்டது. அவருக்காவது நான் சொன்ன ஒரு பதில் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்தின வருடம் ஒரு பெண் கடைக்கு வந்தாள். கையைப் பிடித்தபடி ஏழெட்டு வயதில் ஒரு மகள். அவள் பையைத் திறந்து கேமராவை வைத்த பிறகுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. கவிதா. வேறு கல்யாணமாகி, மலாக்கா டவுனில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாளாம். அஞ்சலை அம்மா தவறிவிட்டார். சாகும் முன் கேமராவை இவளிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்.

"அந்தக் கடல் படத்தக் கடைசி வரைக்கும் சொவத்துலதாங்க்கா மாட்டி வச்சிருந்தாங்க. தூசின்னு தெரிஞ்சும்."

நான் தலையைக் குனிந்து கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் அந்தப் பக்கம் படச்சட்டங்களைப் பார்க்கப் போனதும், கவிதா குரலைத் தாழ்த்தினாள்.

"அன்னிக்கு நீங்க சொன்னது பொய்தானேக்கா? எனக்கு அப்பவே தெரியும். காயிதத்தப் படம் எடுப்போம்னு சொன்னீங்க, அந்தப் படத்தக் காட்டவேயில்ல. தூசி விழுந்திருந்தா அதக் காட்டாம எதுக்கு இருக்கணும்?"

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

"தெரிஞ்சேதான் நான் கேக்கல. கேட்டிருந்தா அத்தை வீட்டுலயேதான் இருந்திருப்பேன். இவ பொறந்திருக்க மாட்டா." மகள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இப்பவும் சில நாளு, ஒங்ககிட்ட வந்து கேட்டுடணும் போல இருக்கும். அவரு அங்க இருந்தாரான்னு. சொல்லிடாதீங்கக்கா. நான் கேட்டாலும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மகளைக் கூப்பிட்டாள். எனக்குத் தெரியும் என்றும், தெரிந்ததை அவளுக்காக வைத்துக் காப்பாற்றுகிறேன் என்றும் அவள் நம்பிக்கொண்டு போகிறாள். சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.